உடன்பிறந்தோர் பெயர்களும் வரலாற்றுச் சான்றும்: நியூ இங்கிலாந்துக் குடியேற்றக்காலக் குடும்ப மரபுவரிசைகள் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடுவன பெயர்களே ஆகும். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, உயில், கல்லறைக் கல்வெட்டு ஆகிய எந்த ஆவணத்தை எடுத்துக்கொண்டாலும் ஆளை அடையாளம் காட்டும் கருவியாக விளங்குவது பெயரே. எனினும், பெயரை அடையாளக் கருவியாகக் கொள்ளும் ஆய்வாளர் பலரும் அதனையே ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொண்டு ஆராய்வதில்லை. பெயர் ஒன்றினைத் தனியே எடுத்து நோக்குவதைக் காட்டிலும், ஒரு தாய்தந்தையர் தம் மக்கள் அனைவருக்கும் இட்ட பெயர்களைப் பிறப்பு வரிசையில் ஒருங்கே வைத்து நோக்கும்போது அப்பெற்றோரின் சமயப் பற்று, இடப்பெயர்வு, இழப்பு, எதிர்பார்ப்பு ஆகியன புலனாகும் என்பது இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

இக்கருத்தினை விளக்குவதற்கு 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நிறுவிய நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களை நாம் தேர்ந்துகொண்டுள்ளோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அக்குடியேற்றங்கள் தொடக்கக் காலம் முதலே பதிவுகளைப் பேணின. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம் 1639ஆம் ஆண்டிலேயே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்ய ஆணையிட்டது. பின்னர் 1845இல் பாஸ்டன் நகரில் நியூ இங்கிலாந்து வரலாற்று மரபுவழிக் கழகம் தோன்றியது. ஜேம்ஸ் சாவேஜ் என்பார் தொகுத்த மரபுவழி அகராதி 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஆகவே, உடன்பிறந்தோரை வரிசைப்படுத்திக் காண்பதற்கு வேண்டிய மூலங்கள் அங்கு மிகுதியாக உள்ளன. இரண்டாவது, அம்மரபுவரிசைகளில் காணப்படும் ‘பொறுமை’, ‘அச்சம்’, ‘காத்திரு’, ‘பெருக்கம்’ போன்ற பொருளுடைய பெயர்கள் பிற்காலத்தாரால் வேடிக்கைச் செய்திகளாகவே பெரிதும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றை வேடிக்கையாகக் கொள்வது சரிதானா என்பதும் இங்கு நாம் எழுப்பும் வினாவாகும்.

இங்கிலாந்தில் தோன்றிய வழக்கம்

இவ்வகைப் பெயர்கள் அமெரிக்க மண்ணில் தோன்றியவை அல்ல. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சிக் காலத்தில், திருச்சபையில் எஞ்சியிருந்த கத்தோலிக்கக் கூறுகளை அகற்ற வேண்டும் என்று வாதிட்டவர்கள் பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதிகள் ஆவர். விவிலியத்தில் இடம்பெறாத புனிதர்களின் பெயர்களையும், பழைய வழக்கில் வந்த உலகியற் பெயர்களையும் அவர்கள் ஐயுற்றனர். திருமுழுக்கின்போது இடப்படும் பெயர் அக்குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் அறிவுரை கூறும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என அவர்களுள் ஒரு சாரார் கருதினர். சசெக்ஸ், கென்ட் ஆகிய தென்கிழக்கு மாவட்டங்களில் 1580களிலும் 1590களிலும் இவ்வழக்கம் வலுப்பெற்றது. கென்ட் மாவட்டத்துக் கிரான்புரூக்கில் பணியாற்றிய டட்லி ஃபென்னர் என்னும் சமயப் போதகர் தம் குழந்தைகளுக்கு ‘இன்னும் கனி’ என்றும் ‘சோர்ந்து போகாதே’ என்றும் பொருள்படும் பெயர்களை இட்டார். சார்லஸ் பார்ட்ஸ்லி 1880இல் வெளியிட்ட நூல் இத்தகைய பெயர்களைப் பதிவேடுகளிலிருந்து தொகுத்துக் காட்டிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. 1653ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, அந்நாடாளுமன்றத்திற்கே தம் பெயர் பட்டப்பெயராக வழங்கும் நிலையைப் பெற்றவர் ‘கடவுளைப் போற்று’ என்னும் பொருளுடைய பெயரினரான பிரைஸ்காட் பேர்போன் என்னும் தோல் வணிகர். அவர்தம் உடன்பிறந்தோருக்கு ஒரு முழு வாக்கியமே பெயராக இருந்தது என்னும் செய்தி பன்முறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. எனினும், அதற்கு உறுதியான சமகாலச் சான்று காட்டப்படவில்லை. தூய்மைவாதிகளை எள்ளி நகையாடுவது, 1660இல் முடியாட்சி மீண்ட பின்னர், ஆங்கில எழுத்துலகில் பெருவழக்காயிற்று என்பதனையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வியப்பூட்டும் பெயர் எதனையும் பதிவேட்டில் கண்ட பின்னரே ஏற்றல் வேண்டும் என்பது மரபுவரிசை ஆய்வின் முதற்பாடமாகும்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. நியூ இங்கிலாந்திலும் இவ்வகைப் பெயர்கள் சிறுபான்மையாகவே வழங்கின. அங்கு வாழ்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஜான், ஜோசப், சாமுவேல், மேரி, எலிசபெத், சாரா என்னும் விவிலியப் பெயர்களையே தாங்கியிருந்தனர். ஆயினும், அப்பொதுப் பெயர்களும் எண்ணிப் பார்த்தே இடப்பட்டன. பாஸ்டன் நகரத்து நீதிபதி சாமுவேல் சீவால் தம் நாட்குறிப்பில், 1694இல் பிறந்த மகளுக்கு மெகேதபேல் என்று பெயரிடுவதா, சாரா என்று பெயரிடுவதா எனத் தாம் தடுமாறியதையும், சாராவுக்கு விவிலியத்தில் உள்ள சிறப்பினை நோக்கி இறுதியில் அப்பெயரையே தெரிவு செய்ததையும் எழுதி வைத்துள்ளார். பொதுவான பெயர் என்பதனால் அதன் பின்னால் சிந்தனை இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

புரூஸ்டர் குடும்பத்து மக்கள்

பிளிமத் குடியேற்றத்தின் சமய மூப்பராக விளங்கியவர் வில்லியம் புரூஸ்டர். இவர் இங்கிலாந்தில் ஸ்குரூபி என்னும் சிற்றூரில் அஞ்சல் அலுவலராகப் பணியாற்றியவர். அரசத் திருச்சபையிலிருந்து பிரிந்து சென்ற குழுவினர் இவர்தம் இல்லத்திலேயே மறைவாக வழிபாடு நடத்தினர். அதன் காரணமாகத் துன்பங்கள் நேரவே, 1608இல் ஹாலந்து நாட்டிற்குச் சென்று, பின்னர் 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சேர்ந்தார்.

இவர்தம் மக்கள் ஐவரின் பெயர்கள் ஜோனத்தன், பேஷன்ஸ், ஃபியர், லவ், ரெஸ்லிங் என்பனவாகும். மூத்தவர் 1593இல் பிறந்தார். அவருக்கு விவிலியப் பெயர் வாய்த்தது. அடுத்துப் பிறந்த பெண்மக்கள் இருவரும் முறையே பொறுமை, அச்சம் என்னும் பொருளுடைய பெயர்களைப் பெற்றனர். இளைய மைந்தர் இருவருக்கும் அன்பு, மற்போர் என்னும் பொருளுடைய பெயர்கள் அமைந்தன.

இவ்வரிசையை நோக்குவோர், பெற்றோர் அரசினரின் கெடுபிடிக்கு அஞ்சி வாழ்ந்த காலத்தில் பிறந்ததனால் மகளுக்கு ‘அச்சம்’ என்று பெயரிட்டனர் எனக் கருதுதல் இயல்பே. ஆயினும், அக்காலச் சமய வழக்கில் அச்சம் என்பது இறையச்சத்தையே குறித்தது. இறைவனுக்கு அஞ்சுதல் அறிவின் தொடக்கம் என்பது விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் வலியுறுத்தும் கருத்து. அவ்வாறே ‘மற்போர்’ என்னும் பெயரும் ஆதியாகமத்தில் யாக்கோபு இரவு முழுவதும் போராடி இறுதியில் இறையாசி பெற்ற நிகழ்ச்சியை நினைவூட்டுவதாகும். எனவே பொறுமை, இறையச்சம், அன்பு, இறைவனோடு போராடிப் பெறும் அருள் என அந்நான்கு பெயர்களும் ஒரு சமய வாழ்வின் பண்புகளாக நிற்கின்றன. தனித்தனியே எடுத்துக்கொள்ளும்போது விந்தையாகத் தோன்றும் பெயர்கள், ஒருங்கே வைத்துக் காணும்போது தெளிவான பொருளைத் தருகின்றன.

மேலும், பெயரைக் கொண்டு பாலினத்தைத் துணிதல் இயலாது என்பதும் இங்கிருந்து நாம் அறியும் செய்தியாகும். அன்பு எனப் பொருள்படும் லவ் என்பவர் ஓர் ஆண்மகன். அதுபோலவே, மார்த்தாஸ் வைன்யார்டு தீவில் வாம்பனோவாக் மக்களிடையே சமயப்பணி ஆற்றி, அவர்தம் மொழியிலும் புலமை பெற்று, அம்மக்களின் வாழ்க்கை வரலாறுகளை 1727இல் நூலாக வெளியிட்ட எக்ஸ்பீரியன்ஸ் மேஹ்யூ என்பாரும் ஆடவரே ஆவார்.

கடலும் கப்பலும் தந்த பெயர்கள்

இடப்பெயர்வு பெயர்களில் தடம் பதித்ததனை மேஃபிளவர் பயணியரிடையே காணலாம். அக்கப்பலில் 102 பயணியர் வந்தனர். ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்பாரின் மக்களான கான்ஸ்டன்ஸ், கைல்ஸ், டமாரிஸ் ஆகிய மூவருக்கும் இளையவனாக ஓர் ஆண்குழந்தை நடுக்கடலில் பிறந்தது. அவனுக்கு மாகடலைக் குறிக்கும் ஓஷியானஸ் என்னும் பெயர் இடப்பட்டது. வில்லியம் ஒயிட், சூசன்னா இணையரின் மூத்த மகன் ‘உறுதி பூண்டவன்’ எனப் பொருள்படும் ரிசால்வ்டு. கப்பல் கேப் காட் துறையில் நங்கூரமிட்டிருந்தபோது 1620 நவம்பரில் பிறந்த இளைய மகன் ‘வழிப்போக்கன்’ எனப் பொருள்படும் பெரிகிரின். ஒருவன் பெயரில் புறப்படும் உறுதியும் மற்றவன் பெயரில் பயணமும் அமைந்துள்ளன. இவ்விளைய மகன் பிறந்த சில மாதங்களிலேயே தந்தையார் இறந்தார். முதற்குளிர்காலம் முடிவதற்குள் கப்பலில் வந்தோருள் ஏறத்தாழப் பாதியளவினர் மாண்டனர். கடலில் பிறந்த ஓஷியானஸும் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. பெரிகிரின் மட்டும் 1704ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

1633இல் கிரிஃபின் என்னும் கப்பலில் பாஸ்டன் வந்து சேர்ந்த புகழ்பெற்ற சமயப் போதகர் ஜான் காட்டனுக்குப் பயணத்தின் இடையே மகன் பிறந்தான். அவனுக்குக் ‘கடலிற் பிறந்தோன்’ எனப் பொருள்படும் சீபார்ன் என்னும் பெயர் இடப்பட்டது. நிலைபெற்ற திருச்சபை கடலில் இல்லை என்னும் காரணத்தால், தந்தையார் தாமே போதகராக இருந்தும், கரை சேரும் வரை அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கவில்லை. இவனுக்கு இளையவர்களுள் ஒருவர் தந்தையின் பெயரையே தாங்கிய ஜான், மற்றொருவர் மரியா. இவ்விருவரையும் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் சந்திப்போம்.

டார்செஸ்டரில் வாழ்ந்த ரிச்சர்டு மேதர் என்னும் போதகரின் மக்கள் சாமுவேல், திமோத்தி, நத்தானியேல், எலியாசர் என விவிலியப் பெயர்களையே பெற்றிருக்க, 1639இல் பிறந்த கடைமகனுக்கு மட்டும் ‘பெருக்கம்’ எனப் பொருள்படும் இன்கிரீஸ் என்னும் பெயர் அமைந்தது. அவர் பிறந்த காலத்தில் குடியேற்றத்திற்கு இறைவன் அருளிய வளர்ச்சியைக் கருதி அப்பெயர் இடப்பட்டதாக அவர்தம் மகனார் காட்டன் மேதர் எழுதியுள்ளார். சமயப்பிணக்கின் சாயலும் பெயர்களில் உண்டு. குவேக்கர் நெறியைத் தழுவியமையால் நாடு கடத்தப்பட்டும் திரும்பி வந்து, 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட மேரி டயர் அம்மையாரின் மக்கள் வில்லியம், சாமுவேல், ஹென்றி, சார்லஸ் முதலியோரிடையே மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்று ஒருவர் இருந்தார். கொள்ளை விரைவில் நேரும் என்னும் பொருளில் ஏசாயா இறைவாக்கினர் தம் மகனுக்கு இட்ட பெயர் இது.

இறந்த குழந்தையின் பெயர்

உடன்பிறந்தோர் பெயர்களைத் தொகுப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல், ஒரே பெற்றோரின் மக்களுள் இருவர் ஒரே பெயரைத் தாங்கியிருப்பது. மேற்கூறிய ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் குடும்பத்தில் மேஃபிளவரில் வந்த டமாரிஸ் இறந்தபின், பிளிமத்தில் பிறந்த மற்றொரு மகளுக்கும் டமாரிஸ் என்றே பெயரிடப்பட்டது. ஜேக்கப் குக் என்பாரை மணந்தவர் இவ்விரண்டாம் டமாரிஸ் ஆவார். இருவரையும் ஒருவராகக் கொள்ளின் மரபுவரிசையின் காலக் கணக்கே பிறழ்ந்துவிடும்.

இவ்வழக்கத்தைத் தெளிவாகக் காட்டும் குடும்பம் ரோஜர் கிளாப் என்பாருடையது. 1630இல் மேரி அண்டு ஜான் என்னும் கப்பலில் வந்து டார்செஸ்டரில் குடியேறிய இவர், பிற்காலத்தில் பாஸ்டன் துறைமுகக் கோட்டையின் தலைவராகப் பணியாற்றினார். தம் மக்களுக்கு அறிவுரையாகத் தன்வரலாற்றுக் குறிப்புகளையும் எழுதி வைத்தார். இவருக்கும் ஜோனா அம்மையாருக்கும் மக்கள் பதினால்வர். முதல் மூவர் சாமுவேல், வில்லியம், எலிசபெத். அவர்களையடுத்து எக்ஸ்பீரியன்ஸ், வெயிட்ஸ்டில், பிரிசர்வ்டு, மீண்டும் ஓர் எக்ஸ்பீரியன்ஸ், ஹோப்ஸ்டில், வெயிட், தாங்க்ஸ், டிசயர், தாமஸ், யுனைட், சப்ளை என வரிசை தொடர்கின்றது. இவற்றைத் தமிழாக்கின் அனுபவம், இன்னும் காத்திரு, காக்கப்பட்டவர், அனுபவம், இன்னும் நம்பு, காத்திரு, நன்றி, விருப்பம், ஒன்றுபடுத்து, குறைநிரப்பு என அமையும். இடையில் வரும் தாமஸ் ஒன்றே வழக்கமான பெயர்.

நகைப்பிற்குரியதாக எடுத்துக்காட்டப்பட்டு வந்த இப்பட்டியலில் இறப்புகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். முதல் எக்ஸ்பீரியன்ஸும் வெயிட்ஸ்டிலும் இளமையிலேயே இறந்தனர். முன்னவர் பெயர் பின்னே பிறந்த குழந்தைக்கு அப்படியே வழங்கப்பட்டது. பின்னவர் பெயரின் முற்பகுதி மற்றொரு குழந்தையின் பெயராயிற்று. வில்லியம், தாங்க்ஸ், தாமஸ் ஆகியோரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். ‘காத்திரு’, ‘இன்னும் நம்பு’ என்னும் சொற்களைப் பெற்றோர் தொட்டிலருகே நாள்தோறும் அழைத்து வந்தனர் என்பதனை எண்ணிப் பார்ப்போர்க்கு அப்பட்டியல் நகைப்பைத் தராது.

காட்டன் மேதரின் குடும்பநிலையும் இத்தகையதே. இவருக்குப் பிறந்த மக்கள் பதினைவருள் தந்தையின் மறைவிற்குப் பின்னும் வாழ்ந்தவர் இருவரே. 1713இல் பரவிய மணல்வாரி நோயினால் இவர் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ஒருங்கே இழந்தார். இம்மக்களுள் சாமுவேல் என்னும் பெயர் இருமுறை இடப்பட்டது. முதற்சாமுவேல் குழந்தையிலேயே இறக்க, 1706இல் பிறந்தவரே தந்தைக்குப் பின்னும் வாழ்ந்தார்.

தமிழர் வழக்கோடு இதனை ஒப்பு நோக்குதல் பயன் தரும். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த குடும்பத்தில் பின்னே பிறந்த குழந்தைக்குக் குப்பன், குப்பம்மாள், பிச்சை எனப் பெயரிடும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவியது. மதிப்பற்ற பொருளாகக் குழந்தையைக் காட்டினால் கூற்றுவன் கண்ணில் படாது என்பது நம்பிக்கை. இழப்பு ஒன்றே, அதனை எதிர்கொண்ட முறை வேறு. நியூ இங்கிலாந்துப் பெற்றோர் இறந்த குழந்தையின் பெயரை மீண்டும் வழங்கி அதனைக் குடும்பத்தில் நிலைபெறச் செய்தனர். தமிழ்ப் பெற்றோர் பெயரை மாற்றிச் சாவினை ஏமாற்ற முயன்றனர். இரு வழக்குகளுமே உடன்பிறந்தோர் வரிசையைக் கண்டாலன்றி விளங்கா.

பாட்டன் பெயரும் எலிஹு யேலும்

மகனின் மகனைப் பெயரன் என வழங்குதல் தமிழ் மரபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அச்சொல்லின் பொருள். அமெரிக்கக் குடியேற்றங்களுள் இதற்கு நெருங்கிய வழக்கம் தெற்கே வர்ஜீனியாவில் காணப்பட்டது. அங்குத் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடுதலும், வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு போன்ற அரசர், வீரர் பெயர்களைப் போற்றுதலும் பெருவழக்கு என டேவிட் ஹாக்கெட் ஃபிஷர் 1989இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். நியூ இங்கிலாந்திலோ தலைமக்களுக்குப் பெற்றோர் தம் பெயரையே இடுதல் மிகுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹிங்ஹாம் ஊரின் பதிவுகளைக் கொண்டு டேனியல் ஸ்காட் ஸ்மித் 1985இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் பெயரிடும் இவ்வழக்கமும் இறந்த குழந்தையின் பெயரை மீண்டும் இடும் வழக்கமும் காலப்போக்கில் தளர்ந்தமையை எடுத்துக்காட்டுகின்றது. குழந்தையைத் தனி ஆளாகக் காணும் மனநிலை வளர்ந்ததன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

இப்பெயர் வரலாறு மதராஸ் பட்டினத்தையும் தொடுகின்றது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். அவர்தம் உடன்பிறந்தார் டேவிட், தாமஸ் ஆகியோர். எலிஹு என்பது யோபு நூலில் வரும் ஒருவரின் பெயர். இவர் மதராஸில் தமக்குப் பிறந்த மகனுக்குத் தம் தந்தையாரின் பெயரான டேவிட் என்பதனை இட்டார். அம்மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்து மதராஸிலேயே அடக்கம் செய்யப்பட்டான். 1718இல் காட்டன் மேதர், கனெக்டிகட் குடியேற்றத்தில் தோன்றியிருந்த கல்லூரிக்கு உதவி வேண்டி யேலுக்கு மடல் எழுதியபோது, அக்கல்லூரி அவர் பெயரைத் தாங்குமாயின் அது மக்கட்பேற்றினும் மேலான பெயராக நிலைக்கும் என்று குறிப்பிட்டார். மகனை இழந்த ஒருவருக்கு, தாமும் மக்கள் பலரை இழந்த ஒருவர் எழுதிய சொற்கள் இவை. யேல் அனுப்பிய 417 நூல்களும், துணி முதலிய சரக்குகளை விற்றுப் பெற்ற பணமும் இன்றைய யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமாயின.

அதே கோட்டையின் ஆவணங்களில் வேறொரு செய்தியும் உண்டு. 1680களில், யேல் கோட்டை ஆட்சியில் பங்கேற்றிருந்த காலத்தில், மதராஸிலிருந்து அடிமைகள் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். ஐரோப்பா நோக்கிச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றிச் செல்லல் வேண்டும் என்பது கட்டளை. அக்கட்டளை எண்ணிக்கையையே பேசுகின்றது, பெயர்களைப் பேசவில்லை.

பெயரிட்டோரும் பெயர் இழந்தோரும்

இதுகாறும் கண்டவை பெற்றோர் தாமே தெரிந்து இட்ட பெயர்கள். குடியேற்றக்கால ஆவணங்களில் பிறரால் இடப்பட்ட உடன்பிறந்தோர் பெயர்களும் உள்ளன. பிளிமத் குடியேற்றத்தாருடன் 1621இல் உடன்படிக்கை செய்துகொண்ட வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட்டின் மைந்தருள் இருவர் வாம்சட்டா, மெட்டாகொம் ஆகியோர். 1660ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வாம்சட்டாவின் வேண்டுகோளுக்கிணங்கப் பிளிமத் நீதிமன்றம் அவருக்கு அலெக்சாண்டர் என்றும் இளையவருக்குப் பிலிப் என்றும் ஆங்கிலப் பெயர்களை வழங்கிப் பதிவு செய்தது. மாசிடோனிய அரசர்களை நினைவூட்டும் இணைப்பெயர்கள் இவை. புதிய அண்டை நாட்டாருடன் உறவு பேணும் அரசியல் வழியாக வாம்சட்டா இதனைக் கருதியிருத்தல் கூடும். 1662இல் அவர் இறந்தார். இளையவர் தலைமையேற்று 1675இல் தொடங்கிய போர், ஆங்கிலேயர் இட்ட பெயராலேயே ‘பிலிப் அரசரின் போர்’ என வரலாற்றில் வழங்குகின்றது. 1676 ஆகஸ்டில் மெட்டாகொம் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்தில் கம்பத்தில் ஏற்றி வைக்கப்பட்டது.

அவருடைய ஒன்பது வயது மகன் சிறைப்பட்டிருந்தான். அவனை என்ன செய்வது என்று சமயப் போதகர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. தந்தையின் குற்றத்திற்காக மகனைக் கொல்லலாம் என்று எழுதியவர்களுள் ஒருவர் பிளிமத் போதகர் ஜான் காட்டன். கடலிற் பிறந்தோனாகிய சீபார்னின் உடன்பிறந்தவர். சீபார்னின் தங்கை மரியாவை மணந்தவர் இன்கிரீஸ் மேதர். அவரும் விவிலியத்து ஆதாத் என்னும் சிறுவனின் கதையைச் சுட்டி, பகைவன் மகன் வளர்ந்து பகைவனாவான் எனக் கடுமையையே வேண்டினார். பிரிட்ஜ்வாட்டர் ஊரின் போதகர் ஜேம்ஸ் கீத் மட்டும் இரக்கம் காட்டுமாறு வேண்டினார். இறுதியில் 1677இல் அச்சிறுவன் அடிமையாக விற்கப்பட்டான். அவனைப் பற்றிய மடல்கள் எஞ்சியுள்ளன. அவனைப் பற்றித் தீர்ப்பளித்தோரின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோரின் பெயர்களும், இளமையில் இறந்த குழந்தைகளின் பெயர்களும் கூடப் பதிவாகியுள்ளன. அம்மடல்களிலோ அவன் ‘பிலிப்பின் மகன்’ மட்டுமே.

இதனோடு வைத்து நோக்கத்தக்க மற்றொரு பெயர் பிலிஸ் வீட்லி என்பதாகும். ஆப்பிரிக்காவிலிருந்து 1761இல் ஏழு அல்லது எட்டு வயதுச் சிறுமியாகப் பாஸ்டனில் விற்கப்பட்ட இவர், 1773இல் இலண்டனில் கவிதை நூல் வெளியிட்டுப் புகழ்பெற்றார். பிலிஸ் என்பது அவரைச் சுமந்து வந்த அடிமைக் கப்பலின் பெயர். வீட்லி என்பது அவரை வாங்கிய குடும்பத்தின் பெயர். ஓஷியானஸ், சீபார்ன், பிலிஸ் ஆகிய மூன்றும் கடற்பயணத்தால் வாய்த்த பெயர்களே. முன்னிரண்டு பெயர்களும் பெற்றோர் தம் பயணத்தை நன்றியோடு நினைவுகூர இட்டவை. பிலிஸ் என்பதோ ஒரு சிறுமியின் பழைய பெயரை மறைத்து, அவளை விலைக்கு வாங்கியோர் இட்டது. முன்னிருவருக்கும் உடன்பிறந்தோரின் வரிசை ஏட்டில் உண்டு. பிலிஸுக்கு அவ்வரிசையை வரைவதற்கு வழியில்லை.

முடிவுரை

நியூ இங்கிலாந்து மரபுவரிசைகளிலிருந்து நாம் பெறும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். முதலாவதாக, விந்தையான பெயர் எதனையும் தனித்து நோக்காது உடன்பிறந்தோர் வரிசையில் வைத்தே பொருள்கொள்ளல் வேண்டும். இரண்டாவதாக, ஒரே பெயர் இருமுறை வருமாயின் அதனைப் பிழையெனத் தள்ளாது, இடையே நேர்ந்த இறப்பைத் தேடுதல் வேண்டும். மூன்றாவதாக, பெயரின் பொருளைக் கொண்டு பாலினத்தையோ பெற்றோரின் மனநிலையையோ உடனே துணிதல் ஆகாது. அக்காலச் சமய வழக்கினை அறிந்தே முடிவுக்கு வருதல் வேண்டும். நான்காவதாக, பெயரை இட்டவர் யார், எழுதியவர் யார் என்னும் வினாக்களை ஒவ்வொரு பெயரிடத்தும் எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்கள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் மரபுவரிசைகளைத் தொகுப்போர்க்கும் உரியன. நம் முன்னோரின் பெயர்களும் பிறமொழி எழுத்தர்கள் செவிவழிக் கேட்டு எழுதிய பதிவுகளாகவே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. தோட்டப்புறங்களில் பிறந்து இளமையிலேயே இறந்த குழந்தைகளின் பெயர்கள் பல குடும்பங்களில் முதியோர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. மரபுவரிசை வரைவோர் வாழ்ந்து சந்ததி கண்டோரை மட்டும் குறித்து, ஏனையோரை விட்டுவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு விடப்படும்போது எஞ்சியோர் பெயர்களின் காரணமும் உடன் மறைந்துவிடும். குப்பம்மாள் என்னும் பாட்டியாருக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு விடை, அவருக்கு முன்பிறந்து மறைந்தோரின் வரிசையிலேயே இருத்தல் கூடும். ஆதலின், முதியோர் நம்மிடையே இருக்கும்போதே உடன்பிறந்தோர் அனைவரின் பெயர்களையும், இறந்தோர் பெயர்கள் உட்பட, பிறப்பு வரிசையில் கேட்டு எழுதி வைத்தல் குடும்ப வரலாற்றாய்வின் முதற்பணியாக அமைதல் வேண்டும்.